அரிசி மூட்டைக்கு ரெண்டு மாத்திரை: தானியக் கிடங்கு நச்சுவாயு பற்றி ஓர் எளிய விளக்கம்

போன மாதம் மன்னார்குடியிலிருந்து சித்தி போன் செய்தார். "ஏண்டா தம்பி, உங்க குடோன்ல நெல்லுக்கு மாத்திரை வைப்பீங்களே, அதுல ரெண்டு எடுத்துட்டு வாயேன். அரிசி மூட்டையெல்லாம் ஒரே வண்டா இருக்கு." வீட்டில் 25 கிலோ மூட்டை மூன்று இருக்கிறதாம். ஒரு மாத்திரையைத் துணியில் முடிந்து மூட்டைக்குள் சொருகிவிட்டால் ஒரு வண்டு மிஞ்சாது என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்லியிருக்கிறார். அந்த மூட்டைகள் இருக்கும் அறையில்தான் சித்தப்பா மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார்.

"வேண்டாம் சித்தி, அதைத் தொடவே தொடாதீங்க" என்றேன்.

"ஏன், நெல்லுக்கு வைக்கறதுதானே? அந்த நெல்லைத்தானே நாம சாப்பிடறோம்?"

நியாயமான கேள்வி. போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அரிசி ஆலையிலோ, மக்காச்சோளக் கிடங்கிலோ புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களும் கிட்டத்தட்ட இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். அவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது

கிடங்குகளில் இதை 'மாத்திரை போடுவது' என்பார்கள், 'மருந்து வைப்பது' என்பார்கள், கொஞ்சம் விவரமானவர்கள் 'பியூமிகேஷன்' என்பார்கள். வேளாண்மைப் புத்தகங்களில் 'புகைமூட்டம்' என்று இருக்கும். அந்தப் பெயரைக் கேட்டால் சாம்பிராணி மாதிரி ஏதோ கிளம்பும் என்று தோன்றும். ஒரு புகையும் வராது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. பாதி விபத்துக்குக் காரணமே அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

மாத்திரையில் இருக்கும் முக்கியச் சரக்கு அலுமினியம் பாஸ்பைடு. சாம்பல் நிறம், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன வட்டம், ஆனால் தடிமன் அதிகம். எடை 3 கிராம். காற்றில் இருக்கும் ஈரம் பட்டதும் இது மெல்லச் சிதைந்து பாஸ்பீன் என்ற வாயுவை விடும். ஒரு மாத்திரை முழுக்கச் சிதைந்தால் 1 கிராம் பாஸ்பீன் வரும். மிச்சம் வெளிறிய சாம்பல் மாதிரி ஒரு பொடி. பூச்சியைக் கொல்வது அந்த வாயு. மாத்திரை என்பது வாயுவைக் கட்டி வைத்திருக்கும் பொட்டலம், அவ்வளவுதான். பொட்டலத்தை அவிழ்ப்பது ஈரம்.

இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டால், பாதுகாப்பு விதிகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஈரத்தால் பிறக்கிறது, சந்து கிடைத்தால் போய்விடுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, மூக்கையும் நம்ப முடியாது. எந்த விதியை எடுத்தாலும் இந்த நாலில் ஒன்றில் வந்து நிற்கும்.

வாயுதான் வேண்டுமா, மேலே மருந்து அடித்தால் போதாதா என்று கேட்கலாம். அரிசியில் பார்க்கும் கூன்வண்டு தானியத்தில் ஓட்டை போட்டு, உள்ளே முட்டை வைத்து, ஓட்டையை அடைத்துவிடும். புழு அந்த ஒரே தானிய மணிக்குள் தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகித்தான் வெளியே வரும். அதுவரை வெளியிலிருந்து பார்த்தால் நல்ல தானியம் மாதிரியே இருக்கும். மூட்டையின் மேல் அடிக்கும் மருந்து அந்தப் புழுவைத் தொடாது. 2,000 மூட்டையை அடுக்கிய அட்டியின் நட்டநடுவில் இருக்கும் நெல்மணிக்குள் புகுந்து போக வாயுவால்தான் முடியும்.

இப்படி எங்கும் புகுந்து போவது வண்டு விஷயத்தில் வசதி. சுவரில் விரிசல் இருக்கும்போதும், அந்தச் சுவருக்கு அப்பால் யாரோ குடியிருக்கும்போதும் அதே குணம்தான் வேலை செய்யும். உடம்பிலும் வித்தியாசம் இல்லை. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வேலையைப் பாஸ்பீன் முடக்குகிறது. வண்டுக்கும் அதே வழி, மனிதனுக்கும் அதே வழி.

சித்தியின் கணக்கு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில், மூட்டை அட்டியை உறையால் மூடிச் செய்யும்போது ஒரு டன் தானியத்துக்கு 3 மாத்திரை. 50 கிலோ மூட்டையாகப் பார்த்தால் 20 மூட்டைக்கு மூன்று. நான் மேலே சொன்ன 2,000 மூட்டை அட்டி 100 டன், அதற்கு 300 மாத்திரை, மொத்த எடை 900 கிராம். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் கம்மி. அது 100 டன்னுக்குள் இருக்கும் வண்டு, புழு, முட்டை எல்லாவற்றுக்கும் போதும்.

சித்தி போட நினைத்தது 25 கிலோ மூட்டைக்கு ஒன்று. அதாவது கிடங்கில் போடுவதைப் போல 13 மடங்கு.

அறையைக் கணக்கிட்டால் இன்னும் மோசம். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். கதவு சன்னல் சாத்தியிருக்கும்போது ஒரே ஒரு மாத்திரை முழுக்க வாயுவாகி அறையில் பரவினால், காற்றில் பாஸ்பீன் சுமார் 25 பிபிஎம் ஆகும். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வேலை செய்யும் இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கப்படும் அளவு 0.3 பிபிஎம். எண்பது மடங்குக்கு மேல். வயதானவர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இதனால்தான் சட்டமும் இதை வீட்டுப் பக்கம் விடுவதில்லை. இந்தியாவில் அலுமினியம் பாஸ்பைடு கட்டுப்படுத்தப்பட்ட பூச்சிக்கொல்லி. அரசுத் துறைகள், அரசு நிறுவனங்கள், உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் ஆகியவை மட்டும், அங்கீகரிக்கப்பட்ட நிபுணர் மேற்பார்வையில் பயன்படுத்தலாம். பத்து, இருபது மாத்திரை அடங்கிய சின்னக் குழாய்கள் முன்பு விற்றன. அவை முழுக்கத் தடை செய்யப்பட்டுவிட்டன. அப்படியிருந்தும் தென்னையில் சிவப்புக் கூன்வண்டுக்கு என்று சொல்லிக் கிராமங்களில் நாலைந்து மாத்திரை கைமாறுவது உண்டு. தென்னைக்கு வாங்கிய மிச்சம்தான் பல வீடுகளில் அரிசி மூட்டைக்கு வருகிறது. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது கிடந்தால் நீங்களே திறந்து பார்க்க வேண்டாம், தண்ணீரில் கரைக்க வேண்டாம். வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

இந்த வேலைக்கு உரிமம் வாங்க வேண்டுமானால் வேளாண்மைப் பட்டமோ, வேதியியல் படித்த அறிவியல் பட்டமோ வேண்டும். அதோடு மைசூரு சிஎஃப்டிஆர்ஐ (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்), ஹாப்பூர் தானியச் சேமிப்பு நிறுவனம், ஹைதராபாத் பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி நிறுவனம் போன்ற இடத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றும் வேண்டும். ஆகவே கீழே நான் எழுதுவதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரை போட முடியாது, போடவும் கூடாது. கிடங்கில் அந்த வேலை நடக்கும்போது கூட இருப்பவர்கள், சுமை தூக்குபவர்கள், காவலாளி, பக்கத்துக் கடைக்காரர் ஆகியோருக்கு என்ன நடக்கிறது என்று புரிய வேண்டும். அதற்காக எழுதுகிறேன்.

ஈரம்

முதலில் டப்பா. மூடியைத் திறக்கும்போது உள்ளே சேர்ந்திருக்கும் வாயு குப்பென்று வரும். அதனால் வெளியே, காற்றோட்டமான இடத்தில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, முகத்தை விலக்கித் திறப்பார்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. பாஸ்பீன் காற்றில் 1.8 சதவீதம் சேர்ந்தால் தீப்பற்றும். அதைத் தடுக்கத்தான் மாத்திரையில் அம்மோனியம் கார்பமேட் என்ற சரக்கைச் சேர்த்திருக்கிறார்கள். அது அம்மோனியாவும் கரியமில வாயுவும் விட்டு வேகத்தைத் தணிக்கும். ஆனால் மாத்திரைகளை ஒரே இடத்தில் குவித்து வைத்தாலோ, மேலே தண்ணீர் சொட்டினாலோ சூடு ஏறித் தீப்பிடித்துவிடும். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வைப்பது அதனால்தான். ஐப்பசி கார்த்திகையில் ஒழுகும் கூரைக்குக் கீழே இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது.

கையில் காய்ந்த பருத்திக் கையுறை. ரப்பர் போட்டால் அரை மணியில் உள்ளங்கை வியர்த்து ஊறிவிடும், நம்மூர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். வியர்வையும் ஈரம்தான். வேலை முடிந்ததும் கையுறையைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது, வெளியில் காற்றாட விட வேண்டும்.

ஈரம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கொடுமையான உதாரணம் இருக்கிறது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் அமரில்லோ என்ற ஊரில், ஒரு வீட்டுக்குக் கீழே இதே வகை மாத்திரைகளைப் போட்டிருக்கிறார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று அந்த வீட்டுக்காரர் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டார். கழுவினால் போய்விடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தண்ணீர் பட்டு வாயு மொத்தமாகக் கிளம்பி வீட்டுக்குள் ஏறியது. நாலு பிள்ளைகள் இறந்துபோனார்கள். உதவிக்கு வந்தவர்களுக்கே முதலில் என்ன வாயு என்று புரியவில்லை.

கிடங்கில் மாத்திரை கீழே சிந்திவிட்டால் முதல் வேலையாகத் துடைப்பத்தையும் வாளித் தண்ணீரையும் எடுத்து வருகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள். எல்லோரும் வெளியே வர வேண்டும். பயிற்சி உள்ளவர் வாயுவைத் தடுக்கும் முகக்கவசத்தோடு போய் உலர்ந்த நிலையிலேயே எடுப்பார்.

உறை, மண், ஓட்டை

மூட்டை அட்டியைச் சுற்றிப் போடும் உறையைத் தூக்கிப் பிடித்து வெயிலுக்கு எதிரே பார்க்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பழைய மேஸ்திரி. நல்ல உறை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததை நாலு பேர் நாலு முனையில் பிடித்துத் தூக்கினோம். உள்ளே போய் நின்று அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி அங்கங்கே வெளிச்சப் புள்ளி. பாதி எலி கடித்தது, பாதி மூட்டை தூக்கும் கொக்கி கிழித்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் சாக்பீஸில் வட்டம் போட்டு, ஒட்டுப் போட்டுவிட்டுத்தான் அன்றைக்கு வேலை ஆரம்பித்தது.

உறையின் ஓரம் தரையைத் தொடும் இடம்தான் பெரிய ஓட்டை. அங்கே மணல் நிரப்பிய நீளமான கித்தான் குழாய்களை வரிசையாகக் கிடத்துவார்கள். கிடங்கு வட்டாரத்தில் அதற்கு 'மணல் பாம்பு' என்று பெயர். ஒரு பாம்பின் வாலும் அடுத்ததன் தலையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் அந்த இடைவெளி போதும் வாயுவுக்கு. மணல் பாம்பு இல்லாத இடத்தில் ஈரச் செம்மண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். மலிவு, நன்றாகவே வேலை செய்யும். ஒரே தொல்லை, சித்திரை வெயிலில் மறுநாள் மண் காய்ந்து வெடித்துவிடும். வெடித்த இடத்தை வெளியிலிருந்து பார்த்து மறுபடி பூசுவதற்கு யாரை நியமிப்பது, அவருக்கு முகக்கவசம் இருக்கிறதா என்று முதல் நாளே பேசி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான இடத்தில் பேசுவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் நடந்தது இது. ஊர் பேர் வேண்டாம், ஒரு தனியார் கிடங்கு. மூன்று அட்டி, அதில் ஒன்றுக்கு மட்டும் மாத்திரை போட்டு மூடியிருந்தார்கள். மற்ற இரண்டிலும் லோடு ஏற்றும் வேலை வழக்கம்போல நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சுமை தூக்கும் அண்ணன் ஒருவர், உறை போட்ட அட்டியின் மேல் ஏறிப் படுத்துவிட்டார். மெத்தை மாதிரி இருக்கும், தொந்தரவு பண்ண யாரும் வர மாட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தவருக்குத் தலை பிளக்கிற வலி, ரெண்டு முறை வாந்தி, நெஞ்சு இறுக்கம். வெயில் அடித்துவிட்டது என்று மோர் கொடுத்தார்கள். சாயங்காலம் மூச்சு வாங்கியபோதுதான் யாருக்கோ பொறி தட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். மூன்று நாள் இருந்து பிழைத்து வந்தார். அந்த அட்டியில் எச்சரிக்கைப் பலகை ஒன்று தொங்கியது உண்மைதான். ஆங்கிலத்தில் தொங்கியது.

பலகை தமிழில் இருக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் இருக்க வேண்டும். மண்டை ஓட்டுப் படம் எந்த மொழிக்காரருக்கும் புரியும். மாத்திரை வைத்த தேதி, மணி, மருந்தின் பெயர், பொறுப்பாளரின் போன் எண் இவ்வளவும் எழுதியிருக்க வேண்டும். கதவைப் பூட்டிச் சாவியைப் பொறுப்பாளர் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் வாயுவும் மறுபக்கம் லோடும் என்பது நான் எங்கே பார்த்தாலும் சண்டை போடும் விஷயம். கிடங்குச் சுவரை ஒட்டிக் குடித்தனமோ, டீக்கடையோ, மாட்டுத் தொழுவமோ இருந்தால் அங்கே இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, அந்த நாட்களுக்கு விலகியிருக்க ஏற்பாடு செய்ய வேண்டும். முடியாதென்றால் அந்தக் கட்டடத்தில் இந்த வேலையே கூடாது.

மாத்திரை வைப்பவர்கள் தனியாகப் போகக் கூடாது, குறைந்தது இரண்டு பேர். கதவுக்கு எதிர்க்கோடியில் ஆரம்பித்து, வைத்துக்கொண்டே கதவை நோக்கிப் பின்வாங்குவார்கள். வைத்த இடத்துக்குள் மறுபடி நுழையத் தேவை வரக் கூடாது என்பதுதான் கணக்கு. போனும் கையில் கூடாது. பாஸ்பீன் செம்பு, வெள்ளி போன்ற உலோகங்களை அரிக்கும். கிடங்குக்குள் சுவிட்ச் பெட்டி, எடைக் கருவி, கேமரா இருந்தால் வெளியே எடுக்க முடிந்ததை எடுத்துவிட வேண்டும்.

எத்தனை நாள்?

உறை போட்ட அட்டி என்றால் 5 நாள், முழுக் கிடங்கையும் மூடினால் 7 நாள் என்பது வழக்கமான பரிந்துரை. வியாபாரிகளுக்கு இது பிடிக்காது. "ரெண்டு மடங்கு மாத்திரை போட்டு ரெண்டே நாள்ல திறந்துடலாமே" என்பார்கள். பாஸ்பீன் விஷயத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. நடமாடும் வண்டு சீக்கிரம் செத்துவிடும். முட்டையும் கூட்டுப்புழுவும் மெல்லத்தான் மூச்சு விடும், அவை சாகும் அளவு வாயு உள்ளே போக நாள் ஆகும். ரெண்டு நாளில் திறந்தால் செத்த வண்டைப் பார்த்துத் திருப்தியாகி விடுவோம். மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை வெளியே வந்திருக்கும்.

ஓட்டை உறையிலும் அவசரத்திலும் பிழைத்த பூச்சிகள்தான் மருந்துக்கு மசியாத பூச்சிகளாகப் பெருகுகின்றன. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1972-73இலேயே உலகம் முழுக்க ஆய்வு செய்து, பாஸ்பீனை எதிர்த்து நிற்கும் பூச்சிகள் உருவாகிவிட்டன என்று சொன்னது. இதற்கு முன்பு பரவலாக இருந்த மெத்தில் புரோமைடு என்ற வாயு, ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ்ச் சாதாரணக் கிடங்கு உபயோகத்திலிருந்து போய்விட்டது. ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குக்கு மட்டும் விலக்கு. இப்போது கைவசம் பெரிதாக இருப்பது பாஸ்பீன்தான். அதையும் கெடுத்துக்கொண்டால் மாற்று தேட வேண்டியதாகிவிடும்.

இன்னொன்று, வாயு போனதும் அதன் வேலை முடிந்தது. நாளைக்கே பக்கத்துச் சாக்கிலிருந்து புது வண்டு வரலாம், தடுக்க எதுவும் மிச்சமிருக்காது. தரையைப் பெருக்குவது, பழைய சாக்கைக் களைவது, சுவரோரம் சிந்திய தானியத்தை அள்ளுவது போன்ற சலிப்பான வேலைகளைச் செய்யாமல் மாத்திரை மட்டும் போடுகிறவர்கள் வருஷத்துக்கு நாலு தடவை மாத்திரை போடுவார்கள்.

திறக்கும் நாள்

மூடும் நாளில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். திறக்கும் நாளில்தான் அலட்சியம் வரும். ஐந்து நாளில் எல்லாம் போயிருக்கும் என்ற நினைப்பு. உறைக்குள் வாயு போகாமல் இருக்கத்தானே அவ்வளவு மண்ணும் பூசினோம்?

கதவு, சன்னல்களை முடிந்தவரை வெளியிலிருந்தே திறக்க வேண்டும். உறையை ஒரு மூலையில் தூக்கிக் கட்டிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பிறகு எதிர்மூலை. உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முழு முகத்தையும் மூடும், பாஸ்பீனுக்கென்றே வடிகட்டி பொருத்திய கவசம். கொரோனா காலத்து முகக்கவசம், ஈரத் துண்டு, தூசிக் கவசம் எல்லாம் வாயுவை நிறுத்தாது. அந்த வடிகட்டிக்கும் எல்லை உண்டு. 15 பிபிஎம் தாண்டினாலோ, எவ்வளவு இருக்கிறது என்று அளக்காத நிலையிலோ, முதுகில் காற்று உருளையோடு போக வேண்டும்.

அப்புறம், மூக்கு. "பூண்டு வாசம் போயிடுச்சு, இனி போகலாம்" என்று சொல்லாத கிடங்கு இல்லை. சுத்தமான பாஸ்பீனுக்கு வாசனையே கிடையாது. பூண்டு வாசம், அழுகிய மீன் வாசம் என்று நாம் சொல்வது அதோடு கலந்து வரும் கசடுகளுடையது. மாம்பழம் பழுக்க வைக்கும் கார்பைடு கல்லின் வாடை ஞாபகம் இருக்கிறதா? அந்த வாடைக்கும் ஒரு முக்கியக் காரணம் இதே பாஸ்பீன் கசடுதான். வாசனை தரும் கசடுகளைத் தானியம் உறிஞ்சிக்கொண்டுவிடும், வாயு மட்டும் சத்தமில்லாமல் நிற்கும். அதனால் வாடை வந்தால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளலாம், வாடை இல்லாததால் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அளக்கக் கருவி இருக்கிறது. நிறம் மாறும் கண்ணாடிக் குழல் ஒரு வகை, மின்னணு மானி இன்னொரு வகை. மானி 0.3 பிபிஎம்முக்குக் கீழே காட்டும்வரை கவசமில்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. ஒரு தடவை அளந்தாலும் போதாது. மணிகளுக்குள் ஒட்டியிருந்த வாயு மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கும். பகலில் திறந்து வைத்து அளவு சரியாகிவிட்டது என்று ராத்திரி கதவைச் சாத்தினால், காலையில் மறுபடி ஏறியிருக்கும். காலையில் முதலில் வருகிறவர் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி அளந்துவிட்டுத்தான் ஆட்களை விட வேண்டும். அதே காரணத்தால், சரியாகக் காற்றாடாத மூட்டையை லாரியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டிவிட்டு, கிளீனர் பையனை அதற்குள் படுக்கச் சொல்வதும் ஆபத்து.

சித்தியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் வருகிறது. ஒழுங்காகக் காற்றாடிய தானியத்தில் வாயு தங்காது. சர்வதேச உணவுத் தரக் குழுவின் வரம்பு ஒரு கிலோ தானியத்துக்கு 0.1 மில்லிகிராம். மாத்திரையின் பொடி தானியத்தில் கலக்காமல் தட்டிலோ துணிப்பையிலோ வைத்து எடுத்திருந்தால் அதைச் சாப்பிடுவதில் பயமில்லை. நாள்கணக்கில் மூடி, காற்றாட விட்டு, அளந்து பார்த்த நெல்லும், நேற்று முடிச்சைச் சொருகிய அரிசியும் ஒன்றல்ல.

தட்டில் மிஞ்சிய பொடியைக் குப்பை என்று நினைக்க வேண்டாம். அதில் இன்னும் சிதையாத துணுக்குகள் இருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி மூலையில் போட்டால் உள்ளேயே வாயு சேர்ந்து தீப்பிடிக்கலாம். வெளியில், திறந்த இடத்தில், சோப்புத்தூள் கரைத்த நிறையத் தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடக்கிவிட்டு, பிறகு புதைப்பார்கள். பொடியைத் தண்ணீரில் போட வேண்டும், பொடியின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. இதுவும் பயிற்சி உள்ளவர் கவசத்தோடு செய்யும் வேலைதான்.

யாருக்காவது ஏதாவது ஆனால்

தலைவலி, குமட்டல், வாந்தி, நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி. தனித்தனியாகப் பார்த்தால் வெயில் மாதிரியோ, சாப்பாடு ஒத்துக்கொள்ளாத மாதிரியோ இருக்கும். அந்த அண்ணனுக்கு மோர் கொடுத்தது அப்படித்தான். கிடங்கில் மாத்திரை போட்டிருக்கும் நாட்களில் இவற்றில் ஒன்று வந்தாலும் வாயு என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள், நடக்க விடாமல் படுக்க வையுங்கள், 108க்குப் போன் செய்யுங்கள், மாத்திரை டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடக்கிறார் என்று பதறிக் கவசமில்லாமல் ஓடினால் மயங்கியவர் இரண்டு பேராகிவிடுவார்கள்.

இதற்கென்று முறிமருந்து கிடையாது. டாக்டர்கள் மூச்சையும் இதயத்தையும் தாங்கிப் பிடித்து, உடம்பு தானாக மீள நேரம் வாங்கித் தருகிறார்கள். அதனால் எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதுதான் கணக்கு. கொஞ்சம் தேறிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிப் போகவும் கூடாது. நுரையீரலில் நீர் கோப்பது ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக்கூட வரலாம்.

சித்தி கடைசியில் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். முறத்தில் போட்டுப் புடைத்து வண்டைத் தள்ளினார். நிழலில் பழைய வேட்டியை விரித்து ஒரு பகல் காய வைத்தார். வெயிலில் போட்டால் அரிசி நொறுங்கும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வீட்டுச் செலவுக்கு வேண்டியதை இறுக்க மூடும் இரண்டு எவர்சில்வர் தூக்கில் அடைத்து, காய்ந்த வேப்பிலையும் நாலு வரமிளகாயும் போட்டார். துவரம்பருப்பைச் சின்னச் சின்னப் பையாகக் கட்டி நாலைந்து நாள் ஃபிரீசரில் வைத்து எடுத்தார். மிச்ச இரண்டு மூட்டையை மகளுக்கும் ஓரகத்திக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். "மூணு மூட்டை ஒரே நேரத்துல வாங்குனதுதாண்டா தப்பு" என்றார் போனில். பக்கத்து வீட்டு அம்மாவின் அரிசி டிரம்மில் அந்த முடிச்சு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவர், பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டார். இருக்கிறதாம். அறையின் கதவு சன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் திண்ணைக்கு வந்து உட்காரச் சொல்லிவிட்டு, முகக்கவசம் வைத்திருக்கும் எங்கள் ஆளைத் தேடிப் போன் போட ஆரம்பித்தேன்.